ஜில்லென்று ஆன தெரு

அடுத்தவர் பேச்சில் தலையிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆம்பூரிலிருந்து வேலூர் போகிற பஸ்ஸில் காதில் விழுந்ததைத்தான் சொல்கிறேன். முன் சீட்டில் நடுவயது அம்மாள் ஒருத்தி, பக்கத்தில் நின்றிருந்த ஆளிடம் சொன்னாள்.

"தெருவுல எல்லா வீட்டையும் ஜில்லுனு ஆக்கி என்னைக் கெடுத்துட்டே மேஸ்திரி."

"ஜில்லுனு இருந்தா தப்பா யக்கா?"

"என் மாடியிலதானே மொதல்ல வெயில் எறங்காம பானை கவுத்து, சுண்ணாம்பு போட்டு, வெள்ளை ஓடு பதிச்சே? அப்போ மத்யானமானா பொம்பளைங்க எல்லாம் என் கூடத்துலதான் படுத்துக் கெடப்பாங்க. இப்ப அவங்கவங்க வீட்லயே படுத்துக்கறாங்க. நான் ஒண்டியா டிவிய பாத்துக்கினு குந்தினு இருக்கேன்."

"எல்லாருக்கும் என் நம்பரைக் குடுத்ததே நீதானே யக்கா!"

"குடுத்தேன். இன்னா பண்றது? கடைசி வீட்டுப் பொண்ணு மட்டும் கொழந்தையத் தூக்கினு இன்னும் வர்றா. அவளுது ஷீட்டு போட்ட வீடு."

மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டார். "நாளைக்கு அந்த வீட்டு வேலைதான் யக்கா. ஷீட்டுக்கு அடியில கீத்து கட்டி, மேல வெள்ளை பெயிண்ட்டு."

மாதனூர் தாண்டும்வரை அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்திருந்தாள்.

"அந்தக் கொழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு," என்றாள் பிறகு. "கீத்தைக் கம்மி பண்ணாம கட்டு."

"சரி யக்கா."

"எத்தினி நாள் வேலை?"

"மூணு நாளு."

"மூணு நாளும் மத்யானச் சோறு நம்ம வீட்ல. பொறுமையா செய்யி மேஸ்திரி, அவசரமே இல்ல."