நீலச் சட்டைக்காரர்கிட்ட இடது பக்கம்

அந்தப் போனை உள்ள வைங்க தம்பி. அது இங்க வேலைக்கு ஆகாது. நீங்க ஆத்துக்குள்ள நிக்கிறதாத்தானே காட்டுது? எல்லாருக்கும் அப்படித்தான் காட்டும். ஆறு வத்தி ஐநூறு வருஷம் ஆச்சு, அது மேலதான் இந்த மார்க்கெட்டே. சூப் கடைக்குத்தானே? போகலாம், அண்டா காலியாக சாயங்காலம் ஆகும். மணி என்ன இப்போ? பத்தேகாலா. சரி. பதினொரு மணிக்கு நான் ஒரு எடத்துக்குப் போயே ஆகணும், அதான் கேட்டேன்.

வெளியூர்தானே? பாத்தாலே தெரியுது. இந்தப் பக்கம் வந்து நில்லுங்க, அங்க நின்னா முட்டை வண்டி இடிச்சுடும். இன்னும் கொஞ்சம். ம், அங்கதான். வெயில் படலையே?

இங்க தெருவுக்குப் பேரே கிடையாது தம்பி. நானூறு வருஷமா யாரும் வைக்கல. வைக்கலாம்னுதான் கூடுவாங்க. பூட்டுக்காரங்க பூட்டுத் தெரும்பாங்க, மீன்காரங்க மீன் தெரும்பாங்க, நாற்காலி பறக்கும், அப்புறம் டீ குடிச்சுட்டுக் கலைஞ்சு போயிடுவாங்க. அதனால அடையாளம் வெச்சுத்தான் வழி சொல்றது. உடைஞ்ச குழாய்கிட்ட வலது, தூங்குற தையல்காரர்கிட்ட நேரா, நீலச் சட்டைக்காரர்கிட்ட இடது. நீலச் சட்டைக்காரர் நான்தான்.

சிரிக்காதீங்க. பத்தொம்பது வருஷம் முன்னாடி பொண்டாட்டியோட ஒரு கரண்டி வாங்க வந்தேன். எனக்குக் கடை கடையா ஏறி எறங்கப் பிடிக்காது. இங்கயே நில்லுங்க, அரை மணியில வந்துடுறேன்னு சொல்லிட்டு, பிள்ளையை இடுப்புல தூக்கிக்கிட்டுப் போனா. சொன்ன எடத்துல நிக்கிற ஆளு நான். நின்னேன். எதிர்த்தாப்புல இருந்த ஊறுகாய்க்காரர் யாருக்கோ வழி சொல்றப்போ, அதோ நீலச் சட்டை நிக்கிறாரே, அவருகிட்ட திரும்புன்னு சொல்லிட்டார். அவ்வளவுதான். போனவன் இன்னொருத்தனுக்குச் சொன்னான். அவ கரண்டியோட வர்றதுக்குள்ள நூத்தம்பது பேரு என்னைப் பாத்துத் திரும்பிட்டாங்க.

சரி, வா போகலாம்னு பத்தடி நடந்திருப்போம். பின்னால வந்த முட்டை வண்டிக்காரர் என்னைத் தேடிக்கிட்டே நேராப் போயி, மீன் பொரிக்கிற அடுப்பு மேல வண்டியைக் கவுத்துட்டார். உங்க போன்ல கூடப் போட்டிருப்பாங்களே, நானூறு வருஷப் பாரம்பரிய மீன் ஆம்லெட்டுன்னு, அது அன்னிக்குப் பொறந்ததுதான். மார்க்கெட் சங்கத்துச் செயலாளர் ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டார். ஒரு வாரம் மட்டும் நில்லுங்க, அதுக்குள்ள பலகை வெச்சுடுறோம்னாரு. எனக்கு இல்லைன்னு சொல்ல வாய் வராது தம்பி. அதுதான் என் வியாதி.

வைக்காம என்ன, வெச்சாங்க. பழக்காரர் அந்தப் பலகையைப் பிடுங்கி மாம்பழம் அடுக்கிட்டார். அப்புறம் சிலை கூட வெச்சாங்க, என்னை மாதிரியே, தொப்பையோட. ரெண்டே நாள்ல ஒருத்தர் அதுல பெல்ட்டை மாட்டினார். அடுத்து பை, அதுக்கு மேல தொப்பி. இப்போ அது ஒரு கடை. உள்ள நான் நிக்கிறது கடைக்காரருக்கே தெரியாது.

ராத்திரியும் நிப்பேனான்னா? கடை சாத்தினதும் வீட்டுக்குப் போயிடுவேன். நான் என்ன பைத்தியமா?

ஒரு தடவை காய்ச்சல்ல படுத்துட்டேன், என் மச்சானை நிக்க வெச்சேன். சட்டை என்னுதுதான், எடம் இதேதான். ஆனா அவனுக்கு வேடிக்கை பாக்குற புத்தி. பின்னாடி ஏதோ சண்டைன்னு திரும்பி நின்னுட்டான். எல்லாரும் நிக்கிறவரோட இடது கைப் பக்கம்தானே திரும்புவாங்க, முடிஞ்சது கதை. பல்லு பிடுங்க வந்தவருக்கு முடி வெட்டி அனுப்பிட்டாங்க. ஒரு பேங்க்ல வேலை பாக்குறவங்க மொத்தப் பேரும் மதியம் சாப்பிடப் போயி, பசியோட திரும்பினாங்க, கையில ஆளுக்கு ஒரு பூட்டு. அதனால மொகம் எப்பவும் எதிர்த்தாப்புல ஊறுகாய்க் கடையைப் பாத்தே இருக்கணும். இப்போ நீங்க நிக்கிறீங்களே, அப்படி.

மணி என்ன? பத்தே முக்காலா.

கஷ்டம்தான், கால் மரத்துப் போகும். பள்ளிக்கூடம் விட்டதும் பொண்ணு நேரா இங்க வந்துடுவா, என் நெழல்ல உக்காந்துதான் வாய்ப்பாடு படிச்சா. சாப்பாட்டுக்கும் குறை இல்லை. சூப்பு, ரொட்டி, பொரிச்ச மீன் எல்லாம் எடம் தேடி வந்துடும். ஆனா இந்த மார்க்கெட்டை நான் பாத்ததே இல்லை தம்பி. இந்த முனையைத் தாண்டி உள்ள ஒரு அடி வெச்சதில்லை. சூப் கடை எப்படி இருக்கும்னு என்னைக் கேட்டா, எனக்கு என்ன தெரியும்?

உங்க சட்டையும் நீலம்தான், கவனிச்சீங்களா? நீங்க தூரத்துல வர்றப்பவே நான் பாத்துட்டேன். காலையிலேருந்து மூணு நீலச் சட்டை போச்சு. ஒருத்தர் ரொம்பக் குட்டை. ஒருத்தர் நிக்கவே இல்லை. இன்னொருத்தர் என்னைவிட நல்லாப் பேசுறார். உங்க ஒசரம் கச்சிதம்.

இருங்க, இருங்க, போயிடாதீங்க. ஒரே ஒரு மணி நேரம். இந்தக் குடையைப் பிடிச்சுக்கிட்டு சும்மா நின்னாப் போதும். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, அவங்களே திரும்பிப் போயிடுவாங்க.

எங்கயா? இன்னிக்கு எம் பொண்ணுக்குக் கல்யாணம். உள்ள எங்கயோதான் மண்டபம். பத்திரிகையில வழின்னு போட்டு, நீலச் சட்டைக்காரர்கிட்ட இடது பக்கம்னு அச்சடிச்சுட்டாங்க. அப்புறம் நான் எப்படி நகர்றது? விடிஞ்சதுலேருந்து நிக்கிறேன். மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் வந்தாச்சு. சம்பந்தி கூட என்னைப் பாத்தார், தலையை ஆட்டிட்டு இடது பக்கம் திரும்பிப் போயிட்டார். தப்பு சொல்ல முடியாது. வழியைப் பாத்து யாராவது வாங்கன்னு கூப்பிடுவாங்களா? பொண்ணு மட்டும் ஒரு நிமிஷம் நின்னா. யாராவது கெடைச்சா வந்துடுப்பான்னு சொல்லிட்டுப் போனா. எனக்கு அவளைப் பாக்கணும் தம்பி, அவ்வளவுதான்.

நல்லா இருப்பீங்க. காலைக் கொஞ்சம் அகட்டி நில்லுங்க, வலிக்காது.

இடது பக்கம் திரும்பலையேன்னா? இல்லை, சரியாத்தான் போறேன். மார்க்கெட் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரணும்ல. மண்டபத்துக்கு எனக்கும் வழி தெரியாது. எல்லாரையும் போல அங்கேருந்து வந்து, உங்களைப் பாத்துத்தான் நானும் திரும்பணும். நகந்துடாதீங்க.