இறுகிப்போன கிரீஸ்

தம்பானூரில் போனக்காடு பஸ் ஏறினேன். முன்சீட்டில் இருந்த இருவரில் மூத்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் சொன்னது காதில் விழுந்தது.

"ரைபிளுக்கு ஒரு கேடும் இல்லைன்னுட்டான், கேட்டியா."

"பின்ன ஏன்ணே சில நேரம் வெடிக்க மாட்டேங்குது?"

"உள்ள பழைய கிரீஸ் இறுகிக் கிடந்திருக்கு. தோட்டாவைக் குத்துற பின் மெதுவா வந்து, சரியா குத்தாம நின்னுடுது. ரிப்பேர்காரன் கழட்டி மண்ணெண்ணெயில தொடச்சான். அரை மணி நேரந்தான். இப்ப ஒவ்வொரு தடவையும் வெடிக்குது."

கூட இருந்தவர் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"அன்னைக்கு உங்க தம்பி மேல பன்னி பாய்ஞ்சப்பவும் இதுதானாண்ணே?"

"இதுதான். பஞ்சாயத்து சொல்லித்தானே மரச்சீனித் தோட்டத்துல கிழங்கைத் தோண்டித் தின்ன பன்னியைச் சுடப் போனோம். நான் விசையை இழுத்தேன், டிக்குன்னு சத்தம் மட்டும் வந்துச்சு. ரெண்டாவது தோட்டா வெடிச்சது. அதுக்குள்ள அவன் தொடையைக் கிழிச்சுப் போட்டுருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே போயிட்டான்."

"அதுக்கு முன்னாலயும் வெடிக்காம இருந்துச்சுல்லே?"

"ரெண்டு தடவை. கடையில காட்டுண்ணேன்னு அவன்தான் சொன்னான். அடுத்த வாரம் பாக்கலாம்னேன்."

பஸ் நெடுமங்காட்டில் நின்று கிளம்பியது.

"அவன் பெண்டாட்டி கேட்டா என்ன சொல்வீங்க?"

"அவ கேக்க மாட்டாடா. 'பழைய துப்பாக்கி, நீங்க என்ன செய்வீங்க அத்தான்'னு அவதான் எனக்கு ஆறுதல் சொல்லிட்டிருக்கா."