லண்டன் மரத்தில் ஒரு வேண்டுதல்

காஞ்சிபுரத்திலிருந்து சென்னை போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி லண்டனில் மகனைப் பார்த்துவிட்டு வந்தவள்.

“பேமஸான எடம்னு பையன் இட்டுனு போனான். மரம் பூரா பூவு, போட்டோ, மெழுகுவத்தி. சாமி மரம்னு நெனச்சுக்கினு, உன் பொண்ணுக்கு வரன் அமையணும்னு மூணு சுத்து சுத்தி மஞ்சக்கயிறு கட்டிட்டு வந்தேன்.”

“அதான் ஒடனே அமைஞ்சுடுச்சேமா!”

“நேத்து போன்ல சொல்றான், ராக் பாட்டு பாடறவன் ஒருத்தன் கார்ல போய் அந்த மரத்துல மோதி செத்தானாம்.”

“அய்யோ! செத்தவன் எடத்துலயா என் பொண்ணு பேரச் சொன்னே?”

பேருந்து வாலாஜாபாத்தைத் தாண்டியது. பிறகு தோழி மெதுவாகக் கேட்டாள்:

“வரன் அமைச்சுக் குடுத்தது அவன்தானே? மொத பத்திரிகைய அவனுக்கு வெக்காம உட்டா கோச்சுக்குவானாமா?”