விரிவுரை கேட்கத் தகுதியானவர்

மழை வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே என் இடது முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிடும். நிலக்கரி வண்டி ஏறிய கால். அதனால்தான் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன், மேடம், மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் நாற்காலி நன்றாக இருக்கிறது. எங்கள் பல்கலைக்கழகத்தின் தலைவர், ரெக்டருக்குக்கூட இப்படி ஒரு நாற்காலி கிடையாது. விசாரணைக்கு அரசாங்கம் தாராளமாகத்தான் செலவழிக்கிறது.

சேர்க்கைப் பிரிவில் நான் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை.

லிப்னிக் சர்வதேசப் பல்கலைக்கழகம் பழைய துணிக்கடைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. கீழே கார் கழுவுகிறார்கள். சர்வதேசம் எங்கிருந்து வந்தது என்றால், வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பேராசிரியர் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவார். பஸ் வராத வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் உள்ளூர்தான். எங்கள் ரெக்டர் விளாட்கோ முன்பு குளியலறை ஓடு விற்றவர். ஆகவே கழிப்பறைகள் மட்டும் ஐரோப்பியத் தரத்தில் இருக்கும். பட்டமளிப்பு விழாவில் அவர் போடும் சிவப்பு அங்கி, மூடிப்போன சினிமாக் கொட்டகையின் திரைச்சீலையில் தைத்தது. கிட்டே போனால் இன்னும் சிகரெட் வாசனை வரும்.

நான் கவுண்டரில் இருப்பவன். சேர என்ன வேண்டும், எவ்வளவு ஆகும், இந்த இரண்டு கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் வேலை. பள்ளிச் சான்றிதழ், இரண்டு போட்டோ, போலீஸ் வழக்கு இல்லை என்ற தாள், மருத்துவச் சான்றிதழ், ஆறு மாதத்துக்குள் எடுத்த பிறப்புச் சான்றிதழ். இந்தக் கடைசித் தாளுக்காக நான் வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. ஒரு தாய் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, "ஏன்டா அவ்தோ, போன வருஷத் தாள்ல பொறந்த புள்ள இந்த வருஷம் பொறக்கலைன்னு ஆயிடுமா?" என்று கேட்டாள். விதி அப்படி, அம்மா, என்றேன். நம் நாட்டில் பிறப்புக்குக் காலக்கெடு உண்டு. இறப்புச் சான்றிதழுக்குத்தான் கிடையாது. ஒரு தடவை வாங்கினால் போதும்.

கட்டணம் வருடத்துக்கு நாலாயிரத்து எண்ணூறு மார்க் பணம் என்று சுவரில் ஒட்டியிருக்கும். அதை யாரும் கொடுத்ததில்லை. பேரம் பேசி மூவாயிரத்து இருநூறுக்கு வருவார்கள், அதையும் பத்துத் தவணையாகக் கேட்பார்கள், நாலாவது தவணைக்குப் பிறகு என்னைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் நடப்பார்கள். கோபப்பட முடியாது. இந்த ஊரில் சம்பளம் என்று ஒன்று சுரங்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் இரண்டு மாதம் தள்ளித்தான் வரும்.

சேர்க்கை விதிகளில் பதினான்காம் விதி வேறு. வேலை நேரத்தில், வேலை இடத்தில் இறந்த சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. அவர்களுக்காகத் தலைநகரில் ஒரு நிதி இருக்கிறது. அது எங்களுக்கு முழு நாலாயிரத்து எண்ணூறையும் ஜனவரியில் ஒரே தவணையாக அனுப்பிவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சுரங்கத்தின் கூரை இறங்கியது. மூன்று ஆள் போனார்கள். நாலு பிள்ளைகள் எங்களிடம் சேர்ந்தார்கள். அந்த ஜனவரியில் ரெக்டர் ஒரு காப்பி மெஷின் வாங்கினார். முதல் கோப்பையை எனக்குத்தான் கொடுத்தார்.

"இந்த மாதிரிப் புள்ளைங்கதான் நமக்குத் தங்கம், அவ்தோ. வேற யாராச்சும் இருந்தாப் பாரு. தலைக்கு முன்னூறு உனக்கு."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஓடு விற்றவர். ஓட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

நான் பார்த்தேன். வேறு யாராவது என்றால் யார்? சுரங்கத்தில் இருபது, இருபத்தைந்து வருஷம் கரித்தூளைக் குடித்து, மருத்துவ விடுப்பில் வீட்டில் உட்கார்ந்து, ராத்திரியெல்லாம் இருமிக்கொண்டிருக்கிற அப்பாக்கள். வசந்தத்துக்குள் போய்விடுவார்கள் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டுக் கட்டிலில் இறந்தால் பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. அதே மாதம், அதே நுரையீரல், ஆனால் வேலை உடுப்போடு சுரங்கத்துக்குள் இறந்தால் நாலு வருஷப் படிப்பு. இதில் எது நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள். நான் விதியைப் படித்துக் காட்டினேன். அவ்வளவுதான் முதலில்.

ஆனால் விடுப்பில் இருப்பவன் திரும்பவும் உள்ளே இறங்க மருத்துவச் சான்றிதழ் வேண்டும். நுரையீரல் இல்லாதவனுக்கு எந்த டாக்டர் கொடுப்பான்? அதற்கும் என்னிடம் வழி இருந்தது. எங்கள் மாணவர்களுக்கு மருத்துவச் சான்றிதழ் தர டாக்டர் இவிட்சா வருஷத்துக்கு ஒரு நாள் வருவார். மாணவர்களைப் பார்ப்பதற்கு இல்லை. சாப்பிடுவதற்கு. ரெக்டர் ஆட்டுக்கறி வாங்கி வைப்பார். ஒரு கையில் எலும்பு, ஒரு கையில் முத்திரை என்று நானூறு வெற்றுப் படிவத்தில் குத்திவிட்டுப் போவார். பெயரும் பார்வையும் நுரையீரலும் நான் நிரப்பிக்கொள்வேன். லிப்னிக் மாணவர்களின் நுரையீரல் எல்லாமே என் கையெழுத்தில் ஆரோக்கியமாக இருக்கிறது.

சுரங்க அலுவலகம் ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தது. இளவட்டங்கள் எல்லாம் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். முத்திரை இருந்தால் போதும், படிக்கமாட்டார்கள். படிவத்தின் அடியில் ஒரு வரி அச்சாகி இருக்கும், பல்கலைக்கழகத்துக்கென்று போட்ட வரி. அதைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுக் கொடுப்பேன்.

நீங்கள் விசாரிக்கிற ஹாசிப்புக்கு முன்னால் ஐந்து பேருக்குக் கொடுத்தேன். இரண்டு பேர் சுரங்கத்துக்குள் சரிவுப் பாதையில் ஏறும்போதே உட்கார்ந்து உயிரை விட்டார்கள். வலியில்லாமல் போனதாகக் கூட இருந்தவர்கள் சொன்னார்கள். இரண்டு பேர் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தன் குணமாகிவிட்டான், எப்படி என்று அவனுக்கே தெரியாது. அவன் மகன் படிப்பே வேண்டாம் என்று லாரி ஓட்டப் போய்விட்டான். அந்தக் கேஸ் எங்களுக்கு நஷ்டம்.

முன்னூறு வாங்கினேனா என்றால், வாங்கினேன். உழைத்ததற்குக் கூலி வாங்குவதில் எனக்கு வெட்கம் கிடையாது. வீட்டுக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டேன்.

இப்போது ஹாசிப். அவன் வெளியாள் இல்லை. ஒரே ஷிஃப்டில் பதினோரு வருஷம் இருந்தோம். என் காலில் ஏறிய வண்டியை முதுகு கொடுத்துத் தூக்கியவன் அவன்தான். மற்றவர்கள் ஜாக்கி தேடி ஓடினார்கள். ஹாசிப் ஓடவில்லை. அன்றிலிருந்து நிமிர்ந்து நடக்கமாட்டான். ஊரில் எங்களைச் சேர்த்துப் பார்த்தால், "நொண்டியும் கூனும் வருதுடா, ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளு," என்பார்கள்.

ஜூலையில் வந்தான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. கவுண்டருக்கு வரும்போது எல்லோரும் ஏனோ தொப்பியைக் கழற்றிவிடுகிறார்கள். இரண்டு மாடி ஏறியதற்கு ஐந்து நிமிஷம் மூச்சு வாங்கினான்.

"மெர்சிகா மருந்தாளர் படிப்பு படிக்கணுங்கறாடா," என்றான். "எங்கிட்ட இருக்கறதெல்லாம் இருமல்தான். அதுக்குத் தள்ளுபடி தருவியா?"

அவன் மகளை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். என்னை மாமா என்று கூப்பிடுவாள். மருந்துச் சீட்டில் டாக்டர் கிறுக்குவதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் அந்த வீட்டில் அவள்தான். நான் விதியை எடுத்துப் படித்தேன். ஹாசிப் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப கட்டில்ல செத்தா?"

"கட்டில் வேலை இடம் இல்லையேடா."

"என் பொண்டாட்டி அப்படிச் சொல்லமாட்டா," என்று சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்தது. கைக்குட்டையில் கறுப்பாகத் துப்பினான். பிறகு, "விடுப்பை முடிச்சுக்கறேன். தாளு குடு," என்றான்.

பதிவுக் கட்டணம் நூற்றைம்பது மார்க்கை அன்றைக்கே வைத்தான். அது பதினான்காம் விதியில் அடங்காது, எல்லோரும் கட்ட வேண்டியது. பின்னால் வரிசை நின்றது. ஒரு தாய் பிறப்புச் சான்றிதழைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தாள். அந்த அவசரத்தில் ரசீது போடவில்லை. அதே அவசரத்தில்தான் அவன் சான்றிதழின் அடி வரியை வெட்டாமல் கொடுத்துவிட்டேன். என் தவறு என்று நான் ஒப்புக்கொள்வது அதைத்தான்.

ஹாசிப் வேலைக்குப் போனான். ஆகஸ்ட் போனது. அவன் போகவில்லை. செப்டம்பர் முதல் வாரம் கவுண்டருக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

"சாவு வரமாட்டேங்குதுடா, அவ்தோ. காலையில எறங்கறேன், சாயந்தரம் ஏறி வந்துடறேன். போர்மேன் என்னைப் பாத்து மத்தவங்களைத் திட்டறான், நோயாளியே வர்றான் உங்களுக்கு என்னடான்னு. இப்படியே போனா எனக்கு மெடல் குடுத்துடுவானுங்க."

அலுவலகத்தில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அவன் அப்படித்தான் பேசுவான். நான் அவனிடம் உண்மையைச் சொன்னேன். சேர்க்கை இருபதாம் தேதி முடிகிறது. அதற்குள் ஆவணங்கள் முழுசாக இருந்தால்தான் இந்த வருஷம். இல்லையென்றால் மெர்சிகா அடுத்த வருஷம் வரலாம், அதற்குள் அவன் கட்டிலில் விழுந்துவிட்டால் அடுத்த வருஷமும் இல்லை.

நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். கவுண்டரில் இருப்பவன் கடைசித் தேதியைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

அவன் கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தான். பிறகு, குரலைத் தாழ்த்தி, "கிழக்கு வழிப் பலகை நீ அடிச்சதுதான?" என்றான்.

அது சுரங்கத்துக்குள் கைவிட்ட பழைய வழி. உள்ளே காற்று கெட்டுப்போய் மூடியது. என் காலத்தில் அந்தப் பலகைகளை அடித்தவர்களில் நானும் ஒருவன். எந்தப் பலகையில் ஆணி ஆழமாக இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும். சொன்னேன்.

"நல்லபடியா," என்றான் ஹாசிப். சுரங்கத்துக்குள் இறங்கும்போது எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் சொல் அது. வெளியே யாரும் சொல்வதில்லை. நானும் "நல்லபடியா" என்றேன்.

பதினேழாம் தேதி காலை ஷிஃப்டில் உள்ளே போனான். நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. ஆளைக் காணோம் என்று அவன் ஷிஃப்டில் இருந்த ஸ்லாவ்கோவும் எனெஸும் தேடிப் போயிருக்கிறார்கள். பெயர்ந்த பலகையைப் பார்த்திருக்கிறார்கள். விஷவாயு முகமூடி எடுத்துவரக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டார்கள். அவசரக்காரர்கள். ஹாசிப்பை வாசல்வரை இழுத்துத் தள்ளிவிட்டு அவர்கள் உள்ளேயே விழுந்துவிட்டார்கள். ஹாசிப்புக்கு மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் கழித்து, இருபதாம் தேதி மத்தியானம், வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலில் இறந்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலும் வேலை இடம் இல்லை. நிதி அலுவலகம் அப்படித்தான் பதில் எழுதியது. விதியைச் சரியாகப் படித்திருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது.

ஸ்லாவ்கோவுக்கு இரண்டு மகன், எனெஸுக்கு ஒரு மகள். இப்படி ஒரு துக்கம் என்பதால் ரெக்டர் கடைசித் தேதியை ஒரு வாரம் தள்ளிவைத்தார். மூன்று பேருடைய படிவத்தையும் நானே உட்கார்ந்து நிரப்பினேன். தாய்மார்களை வரிசையில் நிற்க வைக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் பழையதாக இருந்தும் வாங்கிக்கொண்டேன்.

மெர்சிகா வந்தது அடுத்த மாதம். அழவில்லை. சுரங்க அலுவலகம் அவள் அப்பாவின் பொருள்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தது. விளக்கு, ரொட்டி டப்பா, பணிக் கோப்பு. கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கவுண்டரில் வைத்து என் பக்கமாகத் திருப்பினாள்.

"மாமா, இது உங்க கையெழுத்துதான?"

"ஆமாம்மா."

"அடியில என்ன போட்டிருக்குன்னு படிங்க."

நான் படிக்கவில்லை. அவளே விரலை வைத்து உரக்கப் படித்தாள், வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி. "மேற்படி நபர் விரிவுரை கேட்கத் தகுதியானவர்." பிறகு என்னைப் பார்த்தாள். "எங்கப்பா எந்த வகுப்புல இருந்தாரு, மாமா? யாரு பாடம் எடுத்தாங்க?"

வரிசையில் யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உங்களிடம் வந்தாள். மற்றது உங்களுக்குத் தெரியும். ஒரு வரியையும் விடாமல் படிக்கிற பெண். நல்ல மருந்தாளராக வந்திருப்பாள்.

ஆறு சான்றிதழ், எல்லாம் நான் எழுதியது. விதி, கடைசித் தேதி, பலகை, எல்லாம் நான் சொன்னது. ஐந்து பேர் இறந்தார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் எதுவும் கேட்டதே இல்லை. இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் யாரையும் தள்ளவில்லை. கேட்டவனுக்குப் பதில் சொன்னேன்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெர்சிகா சேரவே இல்லை. ஆகவே அந்தப் பதிவுக் கட்டணம் அவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும். ரசீது இல்லாததால் அது ரெக்டரின் கணக்கில் ஏறவில்லை, என் மேசை இழுப்பறையில் இருந்தது, ஜன்னல்காரனுக்கு மீதி கொடுக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விட்டது. மற்றபடி எனக்கும் ஹாசிப்புக்கும் இடையில் கணக்கு எதுவும் இல்லை. நூற்றைம்பது மார்க். அதை நான் ஹாசிப்பின் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும்.