காய்ச்சிற மாப்பிள்ளை

லா சப்பல் தெருவில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையில் காசு கட்ட நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். முருங்கைக்காய்க் கட்டோடு நின்றவர் மகளுக்கு வந்த சம்பந்தத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பெடியனுக்கு ஆர்ஜொந்தெய்ப் பக்கம் சொந்த வீடு. சாதகமும் பொருத்தம். ஆனால் வீட்டிலை பியர் காய்ச்சிறானாம்.”

“ஐயோ, கசிப்புச் சாராயமோ அக்கா?”

“பியர்தான். பொழுதுபோக்காம். கராஜுக்குள்ளை பெரிய பானை, குழாய் எல்லாம் வைச்சிருக்கிறான். பொம்பிளை பாக்க வரேக்கையே ஆறு போத்தல் கொண்டந்தவன்.”

“உங்கடை மனிசனும் குடிக்கிறவர்தானே?”

“அவர் கடையிலை வாங்கி மரியாதையாக் குடிக்கிறவர். காய்ச்சிற மாப்பிள்ளை எண்டால், என்ன ஆக்கள் எண்டெல்லே சனம் கேக்கும்? வேண்டாமெண்டு சொல்லிப்போட்டம்.”

“அப்ப அந்தப் போத்தலுகளைத் திருப்பிக் குடுத்தனீங்களோ?”

“எங்கை? இவர் ஆறையும் குடிச்சு முடிச்சிட்டுத்தானே போன் எடுத்து வேண்டாமெண்டவர்.”

வரிசை ஓரடி நகர்ந்தது.

“பிள்ளை அழுதவளோ?”

“அவள் அழேல்லை. இவர்தான் இப்ப கடைப் பியரை ஒரு வாய் குடிச்சிட்டு, போத்தலைப் பாத்துப் பெருமூச்சு விடுறார்.”