தேர் நிலைக்கு வரும் வரை

வந்திருந்தவர்கள்: மேயர் சுகாசினி. நீதிபதி வரதராஜன். சிறைக் கண்காணிப்பாளர் டேனியல். குற்றம் சாட்டப்பட்ட ஏரி ஆணையர் ஆனந்தராஜ். பதவி எதுவும் இல்லாத குமரகுரு, அதாவது நான்.

ஆளுக்கு இரண்டு போண்டா வாங்கியிருந்தோம். சட்னி கெட்டியாக இருந்தது. அன்றைக்கு எல்லோரும் குறை சொன்னது அது ஒன்றைத்தான்.

மேடம், முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். நானாக ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் மனசாட்சி இல்லை. பேப்பரில் வந்த செய்தி. ஆன்லைன் விளையாட்டின் சட்டம் ஒரு வாலிபனின் உயிரைக் குடித்தது என்று போட்டிருந்தார்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு டேனியல் கதவைத் திறக்க மறுத்தான் என்றும் போட்டிருந்தார்கள். இரண்டும் தவறு. தவறாக எழுதியதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

நீலக்கச்சி என்று ஒரு ஊர் கிடையாது. போனில் மட்டும் இருக்கிறது. குரூப்பில் சேர்ந்தால் ஒரு பெயரும் ஒரு வேலையும் கொடுப்போம். ஒருத்தி டாக்டர், ஒருவன் பால்காரன், ஒருவன் திருடன். எல்லோரும் அந்த ஆளாகவே பேச வேண்டும். நிஜத்தில் சுகாசினி ஆதார் சென்டரில் இருக்கிறாள். வரதராஜன் பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவர். டேனியல் பைக் மெக்கானிக். ஆனந்தராஜ் வீடு வீடாக இன்டர்நெட் கேபிள் இழுக்கிறவன். நான் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்டு பார்க்கிறேன். பகலில் தூங்க வேண்டியவன். தூக்கம் வராது. அந்த நேரத்தில்தான் நகரத்தைக் கட்டினேன்.

ஆரம்பத்தில் அங்கே அரசாங்கம் இல்லை. ஒரே வாரத்தில் ஊருக்கு ஒன்பது மேயர். "குரு, நீதான் உக்காந்து யோசிக்கிற ஆளு. ஒரு கவர்மென்ட் எழுதிக் குடுப்பா," என்றாள் சுகாசினி. எழுதினேன்.

புத்தகம் எதையும் பார்த்து எழுதவில்லை. எங்கள் வீட்டுத் தறியைப் பார்த்து எழுதினேன். உடலையும் கரையையும் தனி நூலில் நெய்து கோர்க்கிற கோர்வைப் புடவைக்கு, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓடும். ஒரு ஆளுக்குக் கை போதாது. அப்பா உடலை நெய்வார். அம்மா ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளுவாள். புடவையில் குறை வந்தால் அது தன் பக்கத்துக் குறை இல்லை என்று இரண்டு பேருமே சொல்லலாம். பிள்ளையார்பாளையத்தில் அந்தச் சண்டையைக் கேட்டே வளர்ந்தவன் நான். அதில் யாரும் தோற்று நான் பார்த்ததில்லை.

நீலக்கச்சியிலும் எந்தக் காரியத்தையும் ஒரு ஆள் முழுசாகச் செய்ய முடியாது. தண்டனை சொல்வது நீதிபதி. ஒப்புதல் தருவது மேயர். சாவி கண்காணிப்பாளரிடம். கைதியின் பொருள்கள் மேயரிடம். கைதி என்ன சொன்னாலும் கண்காணிப்பாளர் காதில் வாங்கக் கூடாது. எல்லாக் கைதியும் ஒரே கதையைத்தான் சொல்வான். இப்படி இருந்தால் ஊரில் எதுவும் நடக்கும், அதை யாரும் செய்திருக்கமாட்டார்கள். நல்ல அரசாங்கம் என்பது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாசியில் ஆனந்தராஜ் ஒரு தீர்மானம் கொண்டுவந்தான்.

"சட்டம் எழுதறவன் மேல மட்டும் ஒரு சட்டமும் இல்லையே மச்சி. குருவுக்கும் ஒரு பதவி குடுப்போம். தப்பு பண்ணா தூக்கலாம்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் என்ன சொன்னாலும் சிரிப்பார்கள். சுகாசினி கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பாள். அதை வைத்து நீங்கள் போன முறை ஏதோ கேட்டீர்கள். அதெல்லாம் இல்லை. அவள் யாரைப் பார்த்துச் சிரித்தால் எனக்கென்ன. தீர்மானத்துக்கு நான்தான் ஆட்சேபம் சொன்னேன். பங்குனியில் எல்லோரும் நேரில் சந்தித்து ஓட்டுப் போடலாம் என்று சொன்னதும் நான்தான். வந்தவர்கள் பதவியில் இருக்கிற நாலு பேர். நாலு ஓட்டும் எந்தப் பக்கம் என்பது எனக்குத் தெரியும்.

அந்த வாரமே சட்டத்தில் ஒரு வரி சேர்த்தேன். கைதி உள்ளே போகும்போது சட்டைப்பையில் எதுவும் இருக்கக் கூடாது. போனுக்குள் இருக்கிற ஊரில் யாருக்கும் சட்டைப்பை கிடையாது. ஏன் இந்த வரி என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆனந்தராஜுக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு. சட்டைப்பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். வாய்ஸ் சாட்டில் அவன் அதை அழுத்துகிற சத்தம் கேட்கும்.

தேரன்று சந்தித்தோம். எங்கள் தெருவில் தேரன்று தறி ஓடாது. சித்தப்பாவின் தறிக்கூடம் காலியாக இருந்தது. அதற்குப் பின்னால் பட்டு நூல் வைக்கும் உள்ளறை. வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும் என்று ஜன்னல் வைக்காமல் கட்டிய அறை. சிறைக்குப் பொருத்தமாக இருந்தது. முந்தின நாள் அதைக் கூட்டி வைத்தேன். கூட்டியதில் தூசி கிளம்பியது. அடங்கட்டும் என்று தண்ணீர் தெளிக்கவில்லை.

ஓட்டுக்கு முன்னால் வழக்கு. ஏரியை பஸ் ஸ்டாண்டுக்கு விற்றதாக ஆனந்தராஜ் மேல் குற்றச்சாட்டு.

"விக்கலபா, வாடகைக்குத்தான் வுட்டேன்," என்றான் அவன். "மீனுங்க கூட பஸ் ஏறிக்கினு நல்லாத்தான் இருக்குதுங்க."

"ஏரில தண்ணி எங்கய்யா?" என்று வரதராஜன் கேட்டார்.

"அது டிக்கெட் எடுக்காம போயிட்ச்சு சார்."

சுகாசினிக்குப் புரையேறியது. டேனியல் அவள் தலையில் தட்டினான். வரதராஜன் தோளில் இருந்த துண்டை எடுத்து, கடையில் முந்தானையை விரிப்பது மாதிரி விரித்தார். "குற்றம் நிரூபிக்கப்பட்டது. கலர் கேரண்டி. எத்தினி நேரம் உள்ள போடலாம், குரு?"

"தேர் நிலைக்கு வர்ற வரைக்கும்," என்றேன்.

எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. எங்கள் ஊர்த் தண்டனை என்று வரதராஜன் பாராட்டினார். தேர் எப்போது நிலைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. திருப்பத்தில் முட்டுக்கட்டை போட்டு நிறுத்துவார்கள். வடம் பிடிக்க ஆள் சேர வேண்டும். மதியத்துக்குள் வந்த வருஷமும் உண்டு, விளக்கு வைத்த பிறகு வந்த வருஷமும் உண்டு. நான் அதை அங்கே சொல்லவில்லை. அவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான்.

சட்டைப்பையைக் காலி செய்தார்கள். போன், சீப்பு, வண்டிச்சாவி, இன்ஹேலர்.

"இதுவுமாபா?" என்றான் டேனியல்.

"எதுவும்னா எதுவும்தான்," என்றேன்.

ஆனந்தராஜே அதை சுகாசினியின் கைப்பையில் போட்டான். "வுடு மச்சி, சாமி ஏறிப் போற தேரு, சட்டுனு வந்துடும். ஆனா ஓட்டு போடறப்ப எனக்குக் குரல் இருக்குது, சொல்லிட்டேன்." குனிந்து உள்ளே போனான். டேனியல் பூட்டினான். சுகாசினி அதைப் போட்டோ எடுத்தாள். அந்தப் போட்டோதான் உங்களிடம் இருக்கிறது. அதில் டேனியல் பல்லைக் காட்டிக்கொண்டு சாவியைத் தூக்கிப் பிடித்திருப்பான்.

பிறகு சுகாசினியும் வரதராஜனும் தேர் பார்க்கக் கிளம்பினார்கள். கைதியின் பொருள்கள் மேயர் பொறுப்பு. அதனால் கைப்பையும் அவளோடு போனது.

ஆனந்தராஜ் உள்ளேயிருந்து தட்டிய சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது என்று உங்கள் ரைட்டர் சொன்னார். மற்ற நாளாக இருந்தால் தறிச் சத்தத்தில் கேட்டிருக்காது. அன்றைக்குத் தெருவே ஓய்ந்திருந்தது. முதல் தட்டிலேயே கேட்டது.

"குரு, அவனுக்கு வீசிங் வந்துட்ச்சுபா," என்றான் டேனியல்.

"கைதி சொல்றத நீ கேக்கக் கூடாது."

"இன்னா பேசற நீ?"

"விதி அது. நீயும் ஓட்டுப் போட்ட விதி."

"தூ. நீயும் உன் கவர்மென்ட்டும்."

திறந்துவிட்டான். கவனித்துக்கொள்ளுங்கள் மேடம். நீதிபதியைக் கேட்கவில்லை, மேயரைக் கேட்கவில்லை. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நான் மாசக்கணக்கில் கட்டியது ஒரு மெக்கானிக் துப்பியதில் போனது. டேனியல் சட்டப்படி நடந்தான் என்று நீங்கள் எழுதினால் அது பொய். அவன் அதை மீறினான். கதவைத் திறந்தேன் என்று அவன் அழுதுகொண்டு சொன்னது உண்மை.

ஆனந்தராஜ் வெளியே வந்து தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்தான். மூச்சு விசில் மாதிரி வந்தது. டேனியல் சுகாசினிக்குப் போன் போட்டான். மேளத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "தேரடிக்கு ஓடறேன். வழில மெடிக்கல் தொறந்திருந்தா புதுசே வாங்கியாறேன். நீ இவன காத்துல உக்கார வை, குரு. பாத்துக்கபா," என்றான். ராஜ வீதிகளில் வண்டி விடமாட்டார்கள். பைக்கை வாசலிலேயே விட்டுவிட்டு ஓடினான். உள்ளறைச் சாவி பூட்டிலேயே இருந்தது.

அதற்கு முன்பே கம்பெனி பஸ் பிடிக்கப் போய்விட்டேன் என்று உங்களிடம் சொன்னேன். நம்பினீர்கள். நான் நிதானமாகப் பேசுகிறவன், டேனியல் பதறுகிறவன். யாராக இருந்தாலும் என்னைத்தான் நம்புவார்கள். சாவி அவனுடைய பைக் பெட்டியில் இருந்ததையும் பெரிய சாட்சியாக எடுத்துக்கொண்டீர்கள். போட்டது நான். அவனை மாட்டிவிட இல்லை. சாவி கண்காணிப்பாளரிடம்தான் இருக்க வேண்டும்.

அவன் புது இன்ஹேலரோடு திரும்பி வந்து பூட்டை உடைத்ததும், அதற்குள் எல்லாம் முடிந்திருந்ததும் உங்களுக்குத் தெரியும். அப்போது நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். தேர் திருப்பத்தில் நிற்பது தெரிந்தது.

நடுவில் நடந்ததை மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை.

டேனியல் போன பிறகு கூடத்தில் நாங்கள் இரண்டு பேர். ஆனந்தராஜ் ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி நிறுத்திப் பேசினான். "பாத்தியா குரு... உன் கவர்மென்ட்டு... கவுந்துட்ச்சு." அப்போதும் சிரிக்கப் பார்த்தான். கிண்டல் இல்லை அது. அவன் சுபாவம். எனக்குக் கோபம் வரவில்லை. நான் நினைத்தது ஒன்றுதான். தேர் இன்னும் நிலைக்கு வரவில்லை. தண்டனை பாக்கி இருக்கிறது. மேயர் இல்லை, நீதிபதி இல்லை, கண்காணிப்பாளர் ஓடிவிட்டான். யாராவது ஒருவர் செய்துதான் ஆக வேண்டும்.

"காத்து... காத்து வேணும்பா," என்றான்.

"வா," என்றேன்.

கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு எழுந்தான். என் தோளில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நடந்தான். வாசலுக்குக் கூட்டிப் போகிறேன் என்று நினைத்திருப்பான். உள்ளறையின் வாசல்நிலை தாழ்வாக இருந்ததால் அடிபடாமல் இருக்க அவன் தலையில் கை வைத்துக் குனிய வைத்தேன். நூல் மூட்டையின் மேல் உட்கார வைத்தேன். "தேங்க்ஸ் குரு," என்றான்.

வெளியே வந்து கதவைச் சாத்தி, பூட்டினேன்.