திருத்தக் கொண்டுபோன பலகைகள்

லண்டன் வெம்பிளியில் ரயிலேறிய கணவனும் மனைவியும் என் எதிரே இருந்தார்கள். அடிப்பக்கம் ஆழமாகக் கீறல் விழுந்த இரண்டு பனிச்சறுக்குப் பலகைகளைக் கணவர் நிமிர்த்திப் பிடித்திருந்தார்.

“திருத்தினாலும் இனி இதிலை ஆர் ஓடப்போகினம்?” என்றார் மனைவி. “பிள்ளை இனி நடக்கமாட்டாள் எண்டு டொக்டர் சொன்னவரெல்லே?”

“அவளுக்கு இன்னும் தெரியாதே. ஆஸ்பத்திரிக்குப் போனவுடனை, ‘அப்பா, திருத்தியாச்சோ?’ எண்டுதான் கேக்கிறாள். இனித் தேவைப்படாது எண்டு நீர் சொல்லுவீரோ?”

கணவர் பலகையின் கீறலை விரலால் தடவினார்.

“வீட்டிலையும் செய்யலாம். பிளாஸ்டிக்கை உருக்கி ஊத்தி, இறுகவிட்டுச் சுரண்டவேணும். எனக்குக் கனநாள் எடுக்கும். இப்ப போற கடையிலை குடுத்தால் நாளைக்கே தந்திடுவாங்கள்.”

மனைவி கண்களைத் துடைத்துக்கொண்டார்.

“கடை வேண்டாம். வீட்டிலையே வைச்சு மெல்ல மெல்லச் செய்யுங்கோ.”

அடுத்த நிலையத்தில் இருவரும் இறங்கி, வந்த வழியே திரும்புவதற்கு எதிர்ப்பக்க மேடையில் போய் நின்றார்கள்.